ஒப்பேற்றிய குண்டு

‘மேம்படுத்தப்பட்ட வெடிக்கும் சாதனம்’ என்ற சொல்லைத் தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். சத்தீஸ்கரில் சாலைக்கடியில் புதைத்து வைத்தார்கள், காஷ்மீரில் கண்டெடுத்தார்கள் என்று வரும் செய்திகளில் ஐ.இ.டி. (இம்ப்ரொவைஸ்டு எக்ஸ்ப்ளோசிவ் டிவைஸ்) என்ற மூன்றெழுத்துக்கு நாம் வைத்திருக்கும் தமிழ் அது. ‘நாம்’ என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செய்தி டெஸ்கில் இருந்த காலத்தில் நானே ஐம்பது தடவையாவது அப்படி எழுதியிருப்பேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில், இம்ப்ரொவைஸ்டு என்று இருந்ததை இம்ப்ரூவ்டு என்று கண் படித்துவிட்டது. யாரோ ஒருவர் முதலில் செய்த தப்பு, அப்புறம் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டோம்.

அர்த்தம் தலைகீழ். மேம்படுத்தியது என்றால் இருப்பதைவிட நன்றாகச் செய்தது. இதுவோ சரியான சாமான் இல்லாமல், கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியது. திடீரென்று நாலு பேர் சாப்பிட வந்துவிட்டால் இருக்கிற ரசத்தில் தண்ணீரை விட்டு அம்மா ஒப்பேற்றுவார்களே, அந்த ஒப்பேற்றல்தான். ரசம் ஒப்பேற்றினால் உப்பு குறையும், அவ்வளவுதான். வெடியை ஒப்பேற்றினால் என்ன குறையும் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து இரண்டு விஷயங்கள் குறையும். எப்போது வெடிக்கும் என்ற நிச்சயம் ஒன்று. யார் மேல் வெடிக்கும் என்ற நிச்சயம் இன்னொன்று. இருநூறு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டினாலும் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

நம் நாட்டில் இந்தக் கதையை முசாஃபர்பூரிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். அங்கே நடந்ததன் பேரில் போட்ட சட்டத்தை நம் காவல் நிலையங்களில் இன்றைக்கும் எஃப்.ஐ.ஆரில் எழுதுகிறார்கள்.

1908. கல்கத்தாவில் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த கிங்ஸ்ஃபோர்டு மேல் வங்கத்துப் புரட்சிக்காரர்களுக்குக் கடுங்கோபம். சுதேசிப் பத்திரிகைகளை வரிசையாகத் தண்டித்தவர், சுஷீல் சென் என்ற பதினைந்து வயதுப் பையனுக்குக் கசையடி கொடுக்கச் சொன்னவர். அவருக்கு முதலில் போனது ஒரு புத்தகம். தடித்த சட்டப் புத்தகம், உள்ளே வெடிகுண்டு. குழுவில் ஹேமச்சந்திர கனுங்கோ என்பவர் சொத்தை விற்றுப் பாரிஸ் போய் இந்த வித்தையைக் கற்றுத் திரும்பியிருந்தார். அவர் செய்தது அது. கிங்ஸ்ஃபோர்டு பார்சலை வாங்கினார். யாரோ இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார். மார்ச்சில் அவருக்குப் பிகாரில் உள்ள முசாஃபர்பூருக்கு மாவட்ட நீதிபதியாக மாற்றல் வந்தது. நாற்காலி, மேஜை, புத்தகம் எல்லாம் மூட்டை கட்டிப் போயின. அந்தப் புத்தகமும் கூடவே போனது. ரயிலில் ஏற்றி, கூலியாள் தலையில் வைத்து, வண்டியில் இறக்கி, மறுபடியும் ஓர் அலமாரி. போலீஸுக்கு விவரம் தெரிந்து அதை எடுத்தது வெகுநாள் கழித்து. அதுவரை அந்த வீட்டில் எத்தனை வேலைக்காரர்கள் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

அது நடக்கவில்லை என்றதும் இரண்டு பேரை அனுப்பினார்கள். குதிராம் போஸ், பிரஃபுல்ல சாக்கி. இரண்டு பேருக்கும் இருபது வயது ஆகவில்லை. முசாஃபர்பூரில் தங்கி, கிங்ஸ்ஃபோர்டு எப்போது வெளியே போகிறார், எந்த வண்டியில் வருகிறார் என்று பார்த்து வைத்தார்கள். ஏப்ரல் 30 ராத்திரி எட்டரை மணி சுமாருக்கு, வெள்ளைக்காரர்கள் கிளப்பில் சீட்டாட்டம் முடிந்தது. ஆடியவர்கள் கிங்ஸ்ஃபோர்டும் அவர் மனைவியும், பிரிங்கிள் கென்னடி என்ற வக்கீலின் மனைவியும் மகளும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மாதிரிக் குதிரை வண்டி. முதலில் கிளம்பியது கென்னடி வீட்டு வண்டி. மரத்தடி இருட்டில் நின்ற பையன்களுக்கு அதுதான் கிங்ஸ்ஃபோர்டின் வண்டியாகத் தெரிந்தது. குண்டு விழுந்தது. மகள் கொஞ்ச நேரத்தில் இறந்தாள், தாய் இரண்டு நாள் கழித்து. கிங்ஸ்ஃபோர்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

குதிராம் ராவோடு ராவாக இருபத்தைந்து மைல் நடந்து, மறுநாள் காலை வைனி ரயில் நிலையத்தில் பிடிபட்டார். சாக்கி மொகாமா ரயில் நிலையத்தில் போலீஸ் சூழ்ந்ததும் தன்னையே சுட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 11 அன்று குதிராமைத் தூக்கிலிட்டார்கள். அவர் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பதினெட்டு வயதில் கயிற்றுக்குக் கழுத்தைக் கொடுத்தவன். ஆனால் அந்த இரண்டு பெண்களையும் விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இந்தக் கதையில் முதல் பலி கென்னடிகளும் இல்லை. அந்த வருஷத் தொடக்கத்திலேயே தேவ்கர் பக்கத்தில் ஒரு குன்றில் புதுக்குண்டைச் சோதித்துப் பார்த்தபோது பிரஃபுல்ல சக்ரவர்த்தி என்ற இளைஞர் செத்துப்போனார். அவர்கள் குழுவைச் சேர்ந்தவர். செய்தவர்களிடையே ஒருவர் முதலில், சம்பந்தமில்லாதவர்கள் அடுத்து, குறிவைத்தவர் மட்டும் பத்திரமாக வீட்டில். பின்னாளில் பகத்சிங்கின் தோழர் பகவதி சரண் வோரா 1930 மே மாதம் லாகூரில் ராவி நதிக்கரையில் இதே மாதிரி ஒரு சோதனையில்தான் இறந்தார்.

1908-க்கே திரும்புவோம். முசாஃபர்பூர் குண்டு விழுந்த இரண்டாம் நாள், மே 2 அன்று, போலீஸ் அந்தக் குழுவின் இருப்பிடமான கல்கத்தா முராரிபுகூர் தோட்டத்தைச் சோதனை போட்டது. குழுவை நடத்திய பாரீந்திர கோஷும் அவர் கூட்டமும் மொத்தமாகச் சிக்கினார்கள். அண்ணன் அரவிந்தரையும் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். அவர்கள் மேல் போட்ட அலிப்பூர் வழக்கு ஒரு வருஷம் நடந்து அரவிந்தர் விடுதலையானார். சித்தரஞ்சன் தாஸ் அவருக்காக வாதாடினார். அடுத்த வருஷம், 1910 ஏப்ரலில், அரவிந்தர் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இன்றைக்கு ஆசிரமத் தெருவில் மலர் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு முசாஃபர்பூர் குதிரை வண்டி ஞாபகத்தில் வரும் என்று தெரியாது. அந்த வண்டியில் விழுந்த குண்டு இல்லையென்றால் அந்தச் சோதனை அப்போது நடந்திருக்காது.

1908 ஜூனில் அரசாங்கம் அவசரமாக ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுதான் வெடிபொருட்கள் சட்டம், 1908. வெடிக்க வைத்தால் ஒரு பிரிவு, வெடிக்க வைக்கும் எண்ணத்தில் செய்தால், வைத்திருந்தால் இன்னொரு பிரிவு. சந்தேகப்படும்படியான சூழ்நிலையில் கையில் இருந்தாலே அதற்கும் தனியாக ஒரு பிரிவு. நல்ல காரியத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அங்கே வைத்திருந்தவன் தலையில். ‘நாட்டு வெடிகுண்டுடன் இருவர் கைது’ என்று நம்மூர் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தால், பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தச் சட்டம்தான். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டமே போய் நியாய சன்ஹிதா வந்துவிட்டது. முசாஃபர்பூர் பெற்ற பிள்ளை மட்டும் அப்படியே இருக்கிறது.

வங்கத்துப் பையன்கள் இதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பாவில் நூறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த வழக்கம்தான். அங்கேயும் அதே கணக்குதான்.

1800 டிசம்பர் 24, பாரிஸ். நெப்போலியன் இசை கேட்கப் போகும் வழியில் செயின்ட் நிக்கேஸ் தெருவில் வெடி நிரப்பிய வண்டி ஒன்றை நிறுத்தினார்கள். வண்டியில் பூட்டிய குதிரை நகராமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். தெருவில் நின்ற பதினாலு வயதுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, கொஞ்சம் சில்லறை கொடுத்து, பிடித்துக்கொள் என்றார்கள். மரியான் பெசோல், ரொட்டி விற்கிறவளின் மகள். சில்லறையை வாங்கிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றாள். நெப்போலியன் வண்டி கடந்து போனபிறகுதான் அது வெடித்தது. அவர் போய் இசை கேட்டார். இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே என்னை விட்டுப் போகாத காட்சி இந்தக் கடிவாளம்தான். குறி தவறிப்போய் அவள் சாகவில்லை. திட்டம் போடும்போதே அவள் சாவு அதில் இருந்தது.

1858 ஜனவரியில் ஓர்சினி என்ற இத்தாலியர் மூன்றாம் நெப்போலியன் மேல் குண்டெறிந்தார். எட்டுப் பேர் செத்தார்கள், நூற்றுக்கும் மேல் காயம், சக்ரவர்த்தி பிழைத்தார். ஓர்சினிக்கே தலையில் அடி.

அதுவரை இதற்கு ஒரு வரம்பு இருந்தது. கருமருந்துக்குக் கனம் அதிகம், பலம் குறைவு. பெரிய சேதம் வேண்டுமென்றால் வண்டி நிறைய வேண்டும். ஸ்வீடனில் ஆல்ஃப்ரட் நோபல் அதை மாற்றினார். 1864-இல் அவர்கள் பட்டறையே வெடித்து அவர் தம்பி எமில் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். இந்தப் பொருளைக் கையில் எடுத்துப் போகும்படி அடக்கவேண்டும் என்ற வெறியில் மூன்று வருஷத்தில் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சுரங்கம், ரயில் பாதை, கால்வாய் எல்லாவற்றுக்கும் அது வரம். வண்டிச் சுமை கைச்சுமையாகச் சுருங்கியதும் வேறு ஆட்களும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

ரஷ்யாவில் ‘மக்கள் விருப்பம்’ என்ற ரகசியக் கட்சி ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் கொல்லத் திரும்பத் திரும்ப முயன்றது. 1880-இல் குளிர்கால அரண்மனைச் சாப்பாட்டு அறைக்குக் கீழே வெடித்தார்கள். ஜார் சாப்பிட வர நேரமாகிவிட்டது. செத்தது இடையில் இருந்த அறையின் காவல் சிப்பாய்கள் 11 பேர். அடுத்த வருஷம் பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க்கரையில் முதல் குண்டு விழுந்தபோதும் ஜார் தப்பித்தார். ஒரு கொசாக் வீரனும் வழியில் போன ஒரு பையனும் விழுந்தார்கள். காயம்பட்டவர்களைப் பார்க்க ஜார் வண்டியிலிருந்து இறங்கினார். அப்போது இரண்டாவது குண்டு. எறிந்தவனும் அதிலேயே போனான். ஜெயித்தது என்று சொல்லப்படும் முயற்சிகளிலேயே இதுதான் பெயர்போனது. அதன் கணக்கே இப்படி இருக்கிறது. அடுத்து வந்த ஜார் முன்னவரைவிடக் கடுமையானவர் என்பது தனிக்கதை.

பெட்ரோல் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் உலகப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மொலோட்டோவ் அதைச் செய்தவரும் இல்லை, வீசியவரும் இல்லை. சோவியத் வெளியுறவு அமைச்சர். 1939 கடைசியில் ரஷ்ய விமானங்கள் பின்லாந்து மேல் குண்டு போட்டபோது, நாங்கள் போடுவது குண்டு இல்லை, பட்டினி கிடக்கும் பின்லாந்துக்காரர்களுக்கு உணவு என்றார் அவர். பின்லாந்துக்காரர்கள் அந்தக் குண்டுகளுக்கு ‘மொலோட்டோவ் ரொட்டிக்கூடை’ என்று பெயர் வைத்தார்கள். ரொட்டியோடு குடிக்க ஏதாவது வேண்டாமா, டாங்கிகள் மேல் தாங்கள் வீசிய பாட்டில்களை ‘மொலோட்டோவுக்கு ஒரு பானம்’ என்றார்கள். அரசாங்கச் சாராய ஆலையிலேயே லட்சக்கணக்கில் பாட்டில்களை நிரப்பி அனுப்பினார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலேயே அந்த வழக்கம் இருந்தது, பெயர்தான் இங்கே கிடைத்தது. இந்தக் கிண்டலை மட்டும் ரசித்து நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் படையெடுத்து வரும் டாங்கிக்கு எதிராக ஒரு நாடு எடுத்த ஆயுதம், ஊருக்குள் வந்தால் எதிரே டாங்கி இருக்காது. 2007 மே 9 அன்று மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் வீசினார்கள். கோபம் ஒரு கருத்துக்கணிப்பு மேல். அதை எடுத்தவர்களும் வெளியிட முடிவு செய்தவர்களும் அந்தக் கட்டடத்தில் இல்லை. புகையில் மாட்டிச் செத்தவர்கள் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த இரண்டு பேரும் ஒரு காவலாளியும்.

சரி, ஒப்பேற்றியதில் என்னதான் அவ்வளவு ஆபத்து? இதற்குச் சிவகாசிப் பக்கம் போனால் புரியும். பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறை தனியாக, மற்ற அறைகளிலிருந்து தள்ளி இருக்கும். உள்ளே இத்தனை பேருக்கு மேல் கூடாது. ஓடி வெளியேறக் கதவுகள். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். மிஞ்சிய மருந்தை ராத்திரி வைத்திருக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அதே தொழிலைச் செய்கிறவர்கள், உரிமம், ஃபோர்மேன், ஆய்வு எல்லாம் உண்டு. அப்படியும் வருஷம் தவறாமல் ‘உராய்வு ஏற்பட்டு வெடித்தது’ என்ற வரியைப் பேப்பரில் படிக்கிறோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலையில் 40 பேர் வரை இறந்தார்கள். இத்தனை ஏற்பாட்டோடு செய்கிற இடத்தின் நிலைமை இது. ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில், இணையத்தில் பார்த்ததையோ யாரோ சொன்னதையோ நம்பி, கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் செய்தால் என்ன ஆகும்? என்ன ஆகும் என்று நமக்கு அவ்வப்போது தெரியவரும். ‘வீட்டில் மர்மப் பொருள் வெடித்து வாலிபர் கை துண்டானது’ என்று செய்தி வரும், அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்தாருக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கிய குழந்தைக்கு என்ன ஆனது என்பதும் சில சமயம் அந்தச் செய்தியிலேயே இருக்கும்.

ஆலையில் செய்த ராணுவக் குண்டுக்கு வரைபடம் உண்டு. எது முதலில், எது அடுத்தது என்று செயலிழக்க வைப்பவருக்குப் பாடம் உண்டு. ஒப்பேற்றியதற்கு அது கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு தனி ஆளின் தனி மூளை. வெடிகுண்டு தடுப்புப் பிரிவுக்காரர்களுக்கு அதுதான் தலைவலி. ஐ.இ.டி. என்ற சொல்லையே பரவலாக்கியது 1970-களில் வட அயர்லாந்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு செய்த குண்டு, செய்தவன் கையிலேயே வெடிப்பதற்கு அங்கே அவர்கள் வைத்த பெயர், நம் பாஷையில் சொன்னால், சேம்சைடு கோல். 1972 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருபது குண்டுகள் வரை வெடித்தன. முன்கூட்டி எச்சரிக்கை சொன்னோமே என்றது ஐ.ஆர்.ஏ. இருபது எச்சரிக்கை ஒரே நேரத்தில் வந்தால் மக்களை எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு ஓடச் சொல்வது? ஒன்பது பேர் இறந்தார்கள்.

அதே வருஷம் பீட்டர் மில்லர் என்ற ராணுவ அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்தில் மண் அள்ளும் மின்சாரத் தள்ளுவண்டியின் சக்கரச் சட்டத்தை எடுத்து, தூரத்திலிருந்து ஓட்டும்படி செய்து, அதில் ஒரு கொக்கி மாட்டினார். குண்டு இருப்பதாகச் சந்தேகப்படும் காரை ஆள் போகாமல் இழுத்து வெளியே கொண்டுவர. அதற்குத் தள்ளுவண்டி என்றே பெயர் நின்றுவிட்டது. இன்று விமான நிலையங்களில் நாம் பார்க்கும் வெடிகுண்டு ரோபோக்களுக்குப் பாட்டன் அதுதான். ஒப்பேற்றியதற்கு எதிராக எழுந்ததும் ஓர் ஒப்பேற்றல். இந்தச் சரித்திரத்தில் நான் மனசார ரசித்த ஒரே ஒப்பேற்றல் அது.

நம் பக்கம் வருவோம். 1983 ஜூலை 23 ராத்திரி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வீதியில் வைத்த கண்ணிவெடியில் ராணுவ ஜீப் சிக்கியது. வெடியிலும் தொடர்ந்த சண்டையிலும் 13 சிப்பாய்கள் செத்தார்கள். அடுத்த நாள் முதல் கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்தக் கொலைகளுக்கு அந்தக் கண்ணிவெடி காரணமாகாது. காரணம் அவற்றைச் செய்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்த அரசும். ஆனாலும் திருநெல்வேலியில் வைத்த வெடியின் சத்தம் கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவர் வாசலில் கேட்டது என்பது நடந்த விஷயம்.

மறு வருஷம் ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்கென்று பதிவான பெட்டிகள், ஆள் ஏறவில்லை. பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். அந்தப் பக்கம் போய் வெடிக்கவேண்டும் என்பது வைத்தவர்கள் திட்டம். பெட்டியில் குண்டு இருக்கிறது என்று தொலைபேசியிலும் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சற்று முன்னால், பெட்டி இருந்த இடத்திலேயே வெடித்தது. 33 பேர். தமிழீழத்துக்காக வைத்த குண்டு, தமிழ்நாட்டு விமான நிலையத்தில், அன்றைக்கு அங்கே டூட்டியில் இருந்தவர்கள் மேலும் பயணிகள் மேலும் இறங்கியது. எச்சரிக்கை கொடுத்தால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் வழக்கத்துக்கு பெல்ஃபாஸ்டு ஒரு சாட்சி என்றால் மீனம்பாக்கம் இன்னொரு சாட்சி.

1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர். தேர்தல் கூட்டத்துக்கு வரவேண்டிய தலைவரின் விமானம் தாமதம். குண்டுகள் தாமதிக்கவில்லை. 58 பேர் இறந்தார்கள். வெடிகள் அரசு ஆஸ்பத்திரி வரை போயின. அன்று வெடிக்காமல் கிடந்தவற்றை எடுக்க ராணுவமும் என்.எஸ்.ஜி. கமாண்டோக்களும் வரவேண்டியிருந்தது. குளிர்கால அரண்மனையில் சாப்பிட வராத ஜாரின் ஞாபகம் எனக்கு வருவது இங்கேதான்.

வன்னியில் போர் 2009-இல் முடிந்தது. மண்ணுக்கடியில் முடியவில்லை. முகமாலைப் பக்கம் ரோட்டோரம் சிவப்பில் மண்டையோடு போட்ட பலகைகள், ‘அபாயம், மிதிவெடி’. ராணுவம் புதைத்தவற்றுக்குக் குறைபட்டாலும் பதிவு என்று ஒன்று இருந்தது. புலிகள் இயக்கம் தானே செய்து புதைத்தவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. இரும்பு அதிகம் இல்லாமல் செய்த வெடியை உலோகம் தேடும் கருவி லேசில் காட்டாது. அதனால் பல இடங்களில் வேலை கடைசியில் பல் வைத்த மண்வாரிக்கும் கைக்கும்தான் வந்து நிற்கிறது. முகத்தில் கண்ணாடி மறைப்பு, மார்பில் கனமான கவசம், முழங்காலிட்டு, ஒரு மீட்டர் அகலப் பாதையில் மண்ணை விரல் விரலாகச் சுரண்டிக்கொண்டு போவார்கள். அந்த வெயிலில். அவர்களில் நிறையப் பேர் பெண்கள், போரில் புருஷனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் உண்டு. ஒரு நாள் வேலை முடிந்து திரும்பிப் பார்த்தால் ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம் சுத்தமாகியிருக்கும். புதைத்தவனுக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று அவர்கள் கணக்குப் போடுவதில்லை என்றுதான் நினைக்கிறேன், போட்டால் வேலை ஓடாது.

கடைசியாக ஒன்று. அரசியலும் இல்லை, போரும் இல்லை, ஆனால் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அவுட்டுக்காய். கோயம்புத்தூர், சத்தியமங்கலம் காட்டோரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்றிக்கு வைக்கும் வெடி. தீனிக்குள் மறைத்து வைப்பார்கள், கடித்தால் வெடிக்கும். பயிரைக் காப்பாற்ற என்பார்கள், கறிக்கு என்பது பாதி உண்மை. விதைத்தவனுக்குப் பன்றி செய்யும் அழிச்சாட்டியம் கொஞ்ச நஞ்சமில்லை, ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் போய்விடும். அது நிஜமான கஷ்டம். ஆனால் வரப்பில் வைத்த பொருளை முதலில் மோந்து பார்ப்பது பெரும்பாலும் வீட்டு நாய், அடுத்தது மேய்ச்சல் மாடு. 2020 ஜூனில் திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மீன் பிடிக்க வாங்கி வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்து வாயில் வைத்த 6 வயதுப் பையன் இறந்துபோனான்.

யானை என்றால் உடனே சாகாது. தாடை உடையும், நாக்கு கிழியும். பசி இருக்கும், சாப்பிட முடியாது. தண்ணீர் உள்ளே போகாது. புண்ணில் புழு வைக்கும். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் அலைந்து, மெலிந்து, எங்கோ ஓர் ஓடைக்கரையில் விழும். வனத்துறை டாக்டர் மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்து பார்த்தபிறகுதான் காரணம் தெரியும்.

2020 மே மாதம் பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு பக்கம் வெள்ளியாற்றில் ஒரு பெண் யானை நின்றது. வாயையும் துதிக்கையையும் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடி அப்படியே நின்றது, எரிச்சலுக்கும் ஈக்களுக்கும் அது ஒன்றுதான் மருந்து. கும்கிகளைக் கொண்டுவந்தும் கரையேற்ற முடியவில்லை. 27-ஆம் தேதி நின்ற இடத்திலேயே செத்தது. அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. அன்னாசிப் பழம் கொடுத்துக் கொன்றார்கள் என்று எழுதினார்கள், மாவட்டத்தின் பெயரை மாற்றி மலப்புரம் என்றார்கள், அதை வைத்து ஒரு மதத்தாரைத் திட்டி ஒரு வாரம் ஓட்டினார்கள். விசாரணையில் அன்னாசி என்பது தேங்காயாக மாறியது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் குட்டி இருந்தது தெரிந்தது. கைதான ஆள் ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கிறவர். யானைக்கு என்று யாரும் அதை வைக்கவில்லை. வழக்கம்போலப் பன்றிக்கு வைத்ததுதான்.